தேய்ந்த கார்பன்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை உள்ளே விட்டான். அப்படிச் செய்கிறவனைக் கண்டால் ஷெட்டில் நிற்க வைத்துத் திட்டித் தீர்ப்பவன் அவன். இருபத்தாறு வருஷத் தொழில். இப்போது ஃபேன் இறக்கை முழங்கைக்கு நாலு விரல் தள்ளிச் சுற்றிக்கொண்டிருக்க, கரண்ட் பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பின் ஊசி முனையால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் முதுகைத் தடவி ஒரு சின்ன போல்ட்டைத் தேடினான். ஊசி வழுக்கி வெறும் இரும்பில் பட்டது.

வேனின் பின்பக்கம் இன்வெர்ட்டர் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். அந்த இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகிறது. ஒயரின் மறுமுனையில் ஆக்ஸிஜன் மெஷின். மெஷினின் மறுமுனையில் அண்ணன்.

"தம்பி, என்ன ஆச்சு?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணி கேட்டாள்.

"பாத்துட்டேதான் இருக்கேன் அண்ணி. சிலிண்டர்ல எவ்ளோ இருக்கு?"

"முள்ளு அடியில படுத்துடுச்சு."

"புது சிலிண்டர்?"

"வந்துட்டே இருக்கோம்னு ஒரு மணி நேரமா சொல்றாங்க. ஆம்புலன்ஸும் அதேதான் சொல்லுது."

விடியற்காலையில் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போய்விட்டது. கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணிக்கு அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். வேனை ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடி லீவரை ரெண்டு பல் இழுத்து விட்டுவிட வேண்டும். அவள் அப்படியே செய்திருந்தாள். எஞ்சின் ஓடிற்று, மெஷின் ஓடிற்று, அண்ணன் கஞ்சி குடித்து செய்தித்தாளில் பாதியைப் படித்திருந்தார். பதினொன்றரைக்கு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்ததும்தான் அண்ணி போன் செய்தாள். ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் தன் ஷெட்டிலிருந்து, எதிரில் வந்த அத்தனை பேரிடமும் வசவு வாங்கிக்கொண்டு, இருபது நிமிஷத்தில் வந்து சேர்ந்தான்.

வேன் அண்ணனுடையது. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி. நுரையீரல் கெட்டு அண்ணன் படுத்த பிறகு, வண்டியை விற்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது, அதைக் கரண்ட் தரும் வண்டியாக மாற்றியவன் இவன்தான். கிழட்டு டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு லாரியின் ஆல்டர்னேட்டரை, சொந்தமாக வெட்டி வெல்டு செய்த பட்டையில் உட்கார வைத்தான். உள்ளே ரெண்டு பெரிய பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். "முப்பது வருஷம் நான் அதுக்கு டீசல் ஊத்தினேன், இப்ப அது எனக்குக் காத்து ஊதுது" என்று அண்ணன் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருந்தாலும் சொல்வார்.

பெல்ட் இறுக்கமாக இருந்தது. பேட்டரி முனைகளில் ஆட்டமில்லை. தடித்த ஒயர் கெட்டியாக இருந்தது. மீட்டரை வைத்தால் பத்தே முக்கால். பதினாலு இருக்க வேண்டிய இடம். லீவரை இன்னும் இழுத்தான். எஞ்சின் அலறியதே தவிர எண் நகரவில்லை. ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

ஊசி முனை கடைசியில் அந்தச் சின்ன போல்ட்டைத் தொட்டது. டெஸ்ட் லாம்ப் எரியவில்லை.

அப்போது இன்வெர்ட்டர் கத்துவதை நிறுத்தியது. ஒரு கணம் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணம் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து மெஷினின் அலாரம் ஒரே நீளமாகக் கேட்டது.

"தம்பி! நின்னுடுச்சு! தம்பி!"

பெட்டியைக் கவிழ்த்தான். ஸ்பேனர்கள் தெருவில் சிதறின. ஒரு முழ ஒயர் வேண்டும். எங்கே போனாலும் பாக்கெட்டில் ஒயர் வைத்திருப்பவன், அன்றைக்குப் பார்த்து சாப்பாட்டுத் தட்டிலிருந்து வெறும் பாக்கெட்டோடு எழுந்து வந்துவிட்டான். டெஸ்ட் லாம்ப்பின் ஒயரையே பல்லால் கடித்து அறுத்தான். நுனியின் ரப்பரைப் பல்லால் உரித்தான். செம்பு நாக்கில் கசந்தது. ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் சுற்றி, மறுமுனையை அந்தச் சின்ன போல்ட்டில் தொட்டான். பட் என்று பொறி பறந்தது.

எஞ்சின் முனகியது. பாரம் ஏறிய முனகல். உலகத்தில் அவனுக்கு அதைவிட இனிமையான சத்தம் இருந்ததில்லை. மீட்டர் பதினொன்று, பன்னிரண்டரை, பதிமூன்று எட்டு என்று ஏறியது. பின்பக்கம் ஓடி இன்வெர்ட்டர் சுவிட்சை அழுத்தினான். வீட்டுக்குள் மெஷின் ஒரு தடவை குலுங்கி, பழையபடி புஸ் புஸ் என்று மூச்சு விட ஆரம்பித்தது.

"புடிச்சிடுச்சு அண்ணி!" என்று கத்தினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே கத்தினான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். அவரைப் பார்த்தும் சிரித்தான்.

ஜன்னலில் அண்ணி இல்லை.

உள்ளே போனபோது அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அண்ணனின் ஒரு பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். மூக்கில் குழாய் சரியாகத்தான் இருந்தது. குழாயில் காற்று சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அண்ணனின் நெஞ்சு மட்டும் ஏறவில்லை. இவன் காதை அந்த நெஞ்சில் வைத்துப் பார்த்தான். மெஷினின் புஸ் புஸ்தான் கேட்டது.

"எப்போ?" என்றான்.

"தெரியல தம்பி. நான் உங்க பக்கம் பாத்துட்டு இருந்தேன்."

மெஷினை நிறுத்த வேண்டும் என்று வெகுநேரம் இருவருக்கும் தோன்றவில்லை.

*

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "மெஷின் ஓடியிருந்தாலும் இன்னிக்கோ நாளைக்கோதான். நானே போன வாரம் உங்ககிட்ட சொன்னேனே."

சொல்லியிருந்தார்தான். ஆனால் இன்றைக்கும் நாளைக்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியது. அலாரம் கத்தத் தொடங்கியதிலிருந்து பொறி பறந்ததுவரை எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டான். மூன்று நிமிஷம் என்று வந்தது. இன்னொரு தடவை போட்டபோது ஆறு வந்தது. மூன்றாம் தடவை போடப் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து திரும்பிப் போனது. புது சிலிண்டரைக் கொண்டுவந்தவர் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் இறக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. யாரோ அணைக்காமல் விட்டிருந்த விளக்குகளெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. அண்ணி எழுந்து போய் ஒவ்வொன்றாக அணைத்தாள்.

சொந்தக்காரர்களில் முதலில் வந்து சேர்ந்தவர் அண்ணியின் அண்ணன். பஸ் டிப்போவில் ஃபோர்மேன். டிப்போக்காரர் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எட்டு மாதத்துக்கு முன் வேனில் ஆல்டர்னேட்டர் ஏற்றியபோதே, "இதெல்லாம் எதுக்குப்பா கோமாளி வேல, ஒரு ஜெனரேட்டர வாங்கி வெச்சிட்டுப் போ" என்றவர். செத்தவரைப் பார்த்தார், தங்கையின் தலையில் கையை வைத்தார், கொஞ்சம் அழுதார். பிறகு வாசலுக்கு வந்து வேனைப் பார்த்தார்.

"ஏன் சார்ஜ் ஆகல?"

"பாக்கணும்ணே."

"இன்னும் பாக்கலியா? வேல பாத்தவன் நீதான?"

"நாந்தான்."

"நாளைக்குக் காலையில நானே கழட்டிப் பாக்கறேன்" என்றார். அதில் மிரட்டல் எதுவும் இல்லை.

வருகிறவர்கள் உட்கார அறையை ஒழிக்க வேண்டியிருந்தது. மெஷினை இவன்தான் நகர்த்தினான். ஒயர்களைச் சுற்றிக்கொண்டே சுவர் பக்கம் போனபோதுதான் அந்தப் பலகையைப் பார்த்தான். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், உள்ளங்கை அகலத்தில், அவன் அடித்து வைத்த பலகை. அதன் நடுவில் ஒரு சின்ன சிவப்பு பல்ப் இருக்க வேண்டும். பல்ப் இல்லை. வெறும் ஹோல்டர் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

சுற்றிக்கொண்டிருந்த ஒயரைக் கீழே போட்டான்.

அந்த பல்பை அவன் வைத்தது அண்ணிக்காக. அந்தப் பழைய வண்டியில் சார்ஜ் ஏறாததைக் காட்ட விளக்கு கிடையாது. அண்ணன் பக்கத்திலிருந்து எழாமலே அண்ணிக்குத் தெரிய வேண்டும் என்று ஒயரை வீட்டுக்குள் இழுத்து, "சாவி போட்டா செகப்பு எரியணும் அண்ணி. எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் அணையணும். அணையலைன்னா எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லியிருந்தான். சொல்லாமல் விட்டது ஒன்று. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் காந்தம் தானாகக் காந்தம் ஆவதில்லை. ஆரம்பத்தில் அதற்கு ஒரு சொட்டு கரண்ட் வேண்டும். அந்தச் சொட்டு இந்தச் சின்ன பல்ப் வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் முதுகிலிருக்கும் அந்தச் சின்ன போல்ட்டுக்குப் போய்ச் சேருகிறது. பல்பைக் கழற்றினால் வழி அடைபட்டுப் போகும். எஞ்சின் நாள் பூராவும் ஓடலாம், ஒரு துளி சார்ஜ் ஏறாது.

பல்ப் பியூஸ் ஆனாலும் அதே கதைதான். அதற்காகத்தான் பல்புக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டன்ஸைச் சேர்த்து வைப்பது. பல்ப் செத்தாலும் அதன் வழியாகக் கரண்ட் போய்விடும். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கேட்காமலே அதைப் போட்டுக் கொடுப்பவன். போடாத மெக்கானிக்குகளைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்பவன். சொந்த அண்ணன் வீட்டில், அன்றைக்குக் கையில் ரெசிஸ்டன்ஸ் இல்லை, அடுத்த தடவை வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டான். அதற்கப்புறம் முப்பது தடவையாவது வந்திருப்பான். வந்தால் அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பான், டீ குடிப்பான், போய்விடுவான்.

முதலில் வந்தது தன்னைப் பற்றிய பயம்தான். டிப்போக்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். தொழில்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் இன்னொரு பயம் வந்தது. பல்பைக் கழற்றியது யார்? இந்த வீட்டில் எழுந்து நடமாடக்கூடியவள் ஒருத்திதான்.

*

எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட ஈரத்தோடு இருந்தது. அடுத்த நாள் மாலை. டிப்போக்காரர் அன்று காலை முழுக்க ஆட்களுக்குப் பின்னால் அலைந்ததில் வேனைத் தொட நேரமில்லை, "நாளைக்கு" என்றார். இவன் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். அண்ணி தையல் மெஷினுக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தைப்பதற்காக இல்லை. இருபது வருஷமாக அவள் உட்கார்ந்து பழகிய இடம் அது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணி."

"அந்த செகப்பு லைட்டு." நிறுத்தினாள். "அவருக்கு அதக் கண்டா பயம். ஒவ்வொரு தடவையும் வண்டி எடுக்கறப்ப அது எரியும் பாருங்க, அணையற வரைக்கும் கண்ண அதுலேருந்து எடுக்க மாட்டாரு. மூச்சு இன்னும் வாங்கும். மொறைக்குதுடி என்னைய, கழட்டுடின்னாரு. நான் மொதல்ல மாட்டேன்னேன். போன செவ்வாக்கெழம அழுதாரு தம்பி. கொழந்த மாதிரி. கழட்டிட்டேன்."

தையல் மெஷின் டிராயரைத் திறந்து, பொத்தான்கள் போட்டு வைத்திருந்த டப்பாவிலிருந்து அந்த பல்பை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"அது இல்லேன்னா வண்டிக்கு ஏதாவது ஆகுமா?"

அவளுடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் பல்பை மூடி மூடித் திறந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் அழவில்லை என்பது இவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் தைரியசாலி என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் தெரிந்துகொள்ளாமல் அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒண்ணும் ஆகாது அண்ணி" என்றான். "அது சும்மா அடையாளத்துக்கு."

"பின்ன ஏன் சார்ஜ் ஆகல?"

"கார்பன் தேஞ்சு போச்சு." வாய் தானாகச் சொன்னது. தொழிலில் தினமும் நாலு பேரிடம் சொல்கிற பதில். "உள்ள சுத்தற எடத்துல ரெண்டு கார்பன் துண்டு உரசிட்டே இருக்கும். தேஞ்சு போச்சுன்னா தொடாது. தொடலைன்னா கரண்டு போகாது. நாந்தான் மாத்தியிருக்கணும். விட்டுட்டேன்."

"அப்ப எப்படி கடைசில ஓடிச்சு?"

"தட்டினேன். தட்டினா சில நேரம் லேசா தொடும்."

அண்ணி யோசித்தாள். துணியை வெட்டுவதற்கு முன் எப்போதும் இரண்டு தடவை அளக்கிறவள்.

"அப்ப இந்த பல்பு மாட்டியிருந்தா எரிஞ்சிருக்குமா?"

"மாட்டியிருந்தாலும் எரிஞ்சிருக்காது அண்ணி. கார்பன் தொடாம அது எரியாது."

"மாட்டியிருந்தாலும் எரிஞ்சிருக்காது" என்று அவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள். பல்பைத் திரும்ப டப்பாவில் போடவில்லை. மெஷினின் மேல், ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இவனுக்கு விளங்கிவிட்டது. இவள் மாட்டிப் பார்க்கப்போகிறாள்.

*

ஆல்டர்னேட்டரில் இருந்த கார்பன் புத்தம் புதுசு. அண்ணன் வண்டி என்று நல்லதாகப் பார்த்து அவனே போட்டது. இரண்டும் விரலின் ஒரு கணு நீளத்துக்கு இருந்தன.

இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. டிப்போக்காரர் குளிக்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையைப் பாடம் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய், எஞ்சின் மூடியைத் திறந்து, திருட வந்தவனைப் போல முதலில் தெருவின் இரு பக்கமும் பார்த்தான். தன் வேலையைத் தானே கெடுக்க வந்திருக்கிறான். இதற்குக் கூலி யாரும் தருவதில்லை.

பேட்டரி முனையில் அன்று சுற்றிய ஒயரை அவிழ்த்து எடுத்தான். ஆல்டர்னேட்டரின் முதுகில் இரண்டே ஸ்க்ரூ. கழற்றினால் கார்பன் கூடு தனியாக வந்துவிடும். நல்ல கார்பன் இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெட்டியின் அடித்தட்டில் ஒரு தகர டப்பா இருந்தது. கழற்றிய பழைய கார்பன்களை அவன் தூக்கி எறிவதில்லை, எதற்காவது ஆகும் என்று சேர்த்து வைப்பான். "கரண்டு வீட்ல திருடன் புகுந்தா கரிதான் கெடைக்கும்" என்று பக்கத்து ஷெட்காரர்கள் சிரிப்பார்கள். கரண்டு என்பது அவர்கள் இவனுக்கு வைத்த பெயர்.

அதில் இருப்பதிலேயே குட்டையான இரண்டை எடுத்தான். வைத்துப் பார்த்தான். போதாது. ஸ்பிரிங் தள்ளினால் மயிரிழை தொட்டுவிடலாம். தொட்டால் விளக்கு எரியும். மங்கலாக எரிந்தாலும் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும். அரத்தை எடுத்து முனையைத் தேய்த்தான். கரித்தூள் விரலெல்லாம் அப்பியது. வைத்தான், மறுபடி எடுத்தான், மறுபடி தேய்த்தான். இத்தனை வருஷத்தில் கரண்ட் போக வேண்டும் என்று கும்பிட்டிருக்கிறானே தவிர, போகக்கூடாது என்று கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவசரமாக ஸ்க்ரூவை முடுக்கினான். சோதித்துப் பார்க்க வழியில்லை. சாவி போட்டால் சத்தம் கேட்கும்.

அன்றிரவு அவன் தூங்கினான் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடினால் அண்ணன் சிரித்தார். சட்டையைக் கழற்றாமலே படுத்திருந்தான்.

*

காலையில் டிப்போக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஸ்க்ரூ டிரைவரக் குடு." இவன் கொடுத்தான். ஜன்னலுக்கு உள்ளே அண்ணி வந்து நின்றாள்.

அவர் கைக்கு வேலை தெரியும். ஒரே நிமிஷத்தில் கூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கட்டை விரலால் கார்பனை அமுக்கிப் பார்த்தார். அது உள்ளே போய் அங்கேயே நின்றது.

"அடப்பாவி" என்றார் மெதுவாக.

அப்புறம் அவருடைய நகம் கார்பனின் முனையில் ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் நின்றுவிட்டது. இவனும் அந்த இடத்தைப் பார்த்தான். அரம் விழுந்த கோடுகள். சுற்றிச் சுற்றித் தேய்ந்த கார்பன் முனை வழவழவென்று குழிந்திருக்கும். இது குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கிடந்தது. கிரீஸைத் தடவி மறைத்திருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டான்.

டிப்போக்காரர் நிமிர்ந்து இவனைப் பார்த்தார். இவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அங்கே தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு சின்ன சிவப்பு பல்ப் இருந்தது. அவர் ஜன்னலுக்குள் எதிர்ச் சுவரில் வெறும் ஹோல்டரோடு இருந்த பலகையைப் பார்த்தார். மறுபடி பல்பைப் பார்த்தார். டிப்போவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

தெருவே கேட்கும்படி கத்தினார்.

"ஏன்டா, கார்பன் இந்த லட்சணத்துல இருக்கு, மாத்தணும்னு தோணலியா உனக்கு? ஊருக்கெல்லாம் வேல பாக்கறியே, சொந்த அண்ணனுக்கு இதானா? இது எப்படிடா சார்ஜ் ஆகும்? எந்த ஜென்மத்துல ஆகும்?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இவன் தலையைக் குனிந்து நின்றான். ஒவ்வொரு சொல்லும் சுட்டது. சொன்ன காரணம் பொய்தான், சுட்டது பொய்யில்லை.

"போதும்ணே" என்றாள் அண்ணி ஜன்னலிலிருந்து. "மாட்டுங்க அத."

"எதுக்கும்மா? தூக்கிக் குப்பையில போடறத விட்டுட்டு."

"இருந்தது இருந்தபடி மாட்டுங்க. எனக்கு ஒண்ணு பாக்கணும்."

அவர் மாட்டினார். மெதுவாக மாட்டினார்.

அண்ணி பலகைக்குப் போய் பல்பைத் திருகினாள். கடைசிவரை திருகி, ஆட்டிப் பார்த்து, இன்னும் கால் சுற்று திருகினாள்.

"தம்பி, சாவியப் போடுங்க."

அண்ணன் முப்பது வருஷம் உட்கார்ந்து குழிவிழுந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அங்கிருந்து ஜன்னல் நேராகத் தெரிந்தது. அண்ணியின் முதுகு தெரிந்தது, அவள் தோளுக்கு மேல் பலகை தெரிந்தது. சாவித் துவாரத்தில் சாவி உடனே நுழையவில்லை. கழற்றி மாட்டியதில் ஸ்பிரிங் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்? அரம் தேய்த்தது போதாமல் போயிருந்தால்? எரிந்தால் இவளுக்கு என்ன சொல்வது? உலகத்தில் இருக்கிற அத்தனை பொய்யையும் யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை.

சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் மற்ற முள்ளெல்லாம் எழுந்தது.

வெளியில் டிப்போக்காரர் ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எரியல" என்றாள் அண்ணி.

பல்பை இன்னும் இறுக்கிவிட்டு, "இன்னொரு தடவ" என்றாள்.

அணைத்து, மறுபடி திருப்பினான். அவள் பலகைக்கு இன்னும் பக்கத்தில் போனாள். பகல் வெளிச்சம் மறைத்துவிடக் கூடாது என்று பல்பைச் சுற்றிக் கையைக் குவித்து உள்ளே பார்த்தாள்.

"எரியல தம்பி."

அப்படியே நின்றாள். அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. டிப்போக்காரர் வேகமாக வீட்டுக்குள் போனார். உள்ளே ஒரு சத்தம் எழுந்தது. இரண்டு நாளாக அவளிடமிருந்து வராத அழுகை. எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவன் சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். பெட்டிக்குள் தாறுமாறாகக் கிடந்த ஸ்பேனர்களை அளவு பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினான். வெகுநேரம் அடுக்கினான். அண்ணி முகம் கழுவிக்கொண்டு வெளியில் வந்தபோது அவள் கையில் டீ இருந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

"குடிங்க தம்பி. நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. எங்கண்ணன் கத்தினத மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்ல அண்ணி."

டீயை வாங்க எழுந்தபோது சட்டைப் பைக்குள் புதுக் கார்பன் இரண்டும் உரசிச் சன்னமாகச் சத்தம் போட்டன. இடது கையை அதன் மேல் வைத்து அமுக்கிக்கொண்டு, வலது கையால் டம்ளரை வாங்கினான்.